லட்டுவை மலையிறக்கிய கதை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் காரியத்தைப் பற்றியும் நாலு வீடியோ பார்த்துவிட்டால், அதைச் செய்து முடித்த களைப்பே வந்துவிடும். அந்தக் களைப்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

ஜவ்வாது மலையில் மூன்று நாள், முதுகில் பையோடு ஊர் ஊராக நடப்பது என்று திட்டம். துணைக்குக் குமரேசன். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு ஒரே பட்டறையில் வேலை, வீடு வானகரம். மழை நன்றாக விட்டுப் பாதை காய்ந்த பிறகு போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். காய்ந்தால் கூட்டம் வந்துவிடும் என்று நான் நவம்பர் கடைசியிலேயே லீவு போட்டேன்.

மூன்றாவது ஆள் லட்டு. எங்கள் வீட்டு லேப்ரடார், முப்பத்தொரு கிலோ. ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர் என்றால் லட்டு வீட்டை விட்டு இறங்காது. அந்த வாரம் என் மனைவி சுமதி தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"லட்டுவ யாரு பாத்துக்குவா?" என்றாள்.

"மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு பேரு முழுசா திரும்பி வரணும்" என்றாள். (அந்த இரண்டு பேரில் நான் உண்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை.)

லட்டுவுக்கும் ஒரு முதுகுப்பை வாங்கினேன். அதன் சாப்பாட்டை அதுவே சுமக்கும். (வீடியோவில் சுமந்தது.) பயிற்சிக்காக இரண்டு வாரம் தினமும் பஸ் டிப்போ வரை நடத்திக் கூட்டிப் போனேன். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வேகத்தடைதான்.

மலையில் லட்டு அரைமணி நேரம் பையைச் சுமந்தது. பிறகு சேற்றில் புரண்டு அதைக் கழற்றிவிட்டது. அந்தப் பை என் பைக்கு மேல் ஏறியது. மதியம் மழை பிடித்துக்கொண்டது. அன்றிரவு ஈரக் கூடாரத்தின் நடுவில் லட்டு படுத்துக்கொள்ள, நாங்கள் ஆளுக்கொரு ஓரமாகத் துணியில் ஒட்டிக் கிடந்தோம். விடிந்ததும் குமரேசன் பையைக் குடைந்தான்.

"இன்னா மச்சான், சப்பாத்தி எங்க கீது?"

லட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை பாறைச் சரிவு. கொஞ்ச தூரம் போனதும் லட்டு உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட் காட்டினேன். பிஸ்கட்டுக்கும் எழுந்திருக்கவில்லை என்றதும்தான் பயந்தேன். காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் கிழிந்து ரத்தம். மூன்று கால்களில். எனக்கு ஒரு மாதம் தேடி ஷூ வாங்கியிருந்தேன். அதற்குப் பை வாங்கியிருந்தேன். அது வெறுங்காலோடு வருகிறது என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவேயில்லை. லட்டு என் கையை நக்கியது. திட்டியிருந்தால் தேவலை.

"தூக்கிகினுதான் போவணும்" என்றான் குமரேசன்.

விறகோடு வந்த ஒரு பெண் நின்று எங்களைப் பார்த்தார். தார் ரோடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"சும்மா நடந்தா ரெண்டு மணி நேரம். இதத் தூக்கிக்கிட்டுன்னா, சாயங்காலம்."

அவரே கொடுவாளால் ஒரு மூங்கிலை வெட்டிக் கொடுத்தார். கூடாரத் துணியைத் தூளி மாதிரி கட்டி, லட்டுவை உள்ளே விட்டு, முன்னால் நான், பின்னால் குமரேசன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தோள் மாற்றினோம். லட்டு வேடிக்கை பார்த்தது. பறவை கத்தினால் எட்டிப் பார்க்கும், நாங்கள் இருவரும் ஒரு பக்கமாகச் சாய்வோம்.

"ஆடாத படுத்துக்கோ நைனா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று குமரேசன் கெஞ்சியது கடைசியாகக் காதில் விழுந்த மனிதப் பேச்சு. அதன்பின் இருவருக்கும் மூச்சு மட்டும்தான்.

ரோட்டோர ஊரை நெருங்கியபோது எங்களைப் பார்த்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் என் தோளிலிருந்து மூங்கிலை வாங்கிக்கொண்டார். அங்கே நின்றிருந்த ஒரு ஜீப்காரர் பின்சீட்டு மூட்டைகளை இறக்கி, வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார்.

"பிரசவமா? எத்தனை மாசம்?" என்று கேட்டுக்கொண்டே துணியை விலக்கினார்.

லட்டு அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. ஜீப்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "இந்த வழியில நாங்க டோலி கட்டினா உசுருக்குப் போராடுற ஆளுக்குத்தான் கட்டுவோம், சார்." எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் லட்டுவின் காலைத் தொட்டுப் பார்த்தார். "சரி, இதுவும் உசுருதான். ஏறுங்க."

வழி முழுக்க நானும் குமரேசனும் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தோம். லட்டு மட்டும் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் காற்று வாங்கியது.

ஊர் திரும்பியதும் பூந்தமல்லியில் கால்நடை மருத்துவர் மூன்று காலுக்கும் கட்டுப்போட்டு, பத்து நாள் நடக்கவிடக் கூடாது என்றார். பத்து நாளும் லிஃப்டிலிருந்து மரத்தடி வரை நான்தான் தூக்கினேன். புண் ஆறியது. ஆனால் இன்றைக்கும் என்னோடு நடக்க வந்தால் லட்டு பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கிறது. காலில் ஒன்றுமில்லை, இரண்டு முறை காட்டியாயிற்று. சுமதியோடு போனால் ஒழுங்காக நடந்து திரும்புகிறது.

நான் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, வீட்டுக்கு யாராவது வந்திருந்தால், சுமதி அவர்களைப் பால்கனிக்குக் கூப்பிடுகிறாள். "சீக்கிரம் வாங்க, டோலி வருது."

நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அதற்கெல்லாம் மூச்சு போதாது.