ஆனப்பாறைக்குக் கிளம்பிய நல்லதம்பி

ஆனப்பாறையை நேரில் பார்க்காமல் சாவதில்லை என்று நல்லதம்பி முடிவெடுத்தான்.

ஆனப்பாறை என்பது மலை இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், நீளமுடி வைத்த ஐந்து பேர் நடத்தும் ராக் இசைக்குழு. கிட்டார், டிரம்ஸ் போக மீதியெல்லாம் கத்தல் என்பது அவன் குடியிருக்கும் மேலகரத்துக்காரர்களின் கருத்து. தென்காசியில் ஒரு பம்புசெட் கடையில் மோட்டார் விற்கும் நல்லதம்பியின் கருத்து வேறு. பகலெல்லாம் காதில் விழுகிற இரைச்சலிலும் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று அவனுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். அதனால் அவர்களுடைய வீடியோக்களைத் தினமும் பகிர்ந்தான். காலையில் ஸ்டேட்டஸ். மதியம் சொந்தக்காரர்கள் குரூப். பள்ளித் தோழர்கள் குரூப்பிலிருந்து அவனை இரண்டு தடவை நீக்கிவிட்டார்கள்.

பதில் போட்ட ஒரே ஆள், சாத்தான்குளத்தில் இருக்கிற அவன் மனைவி பெர்சிஸின் சித்தப்பா. மேடையில் நீல வெளிச்சத்தில் புகை பொங்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டிருந்தார்: "மாப்ள, இது எந்த அருவி? குளிக்க விடுதாங்களா?"

குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனிடம் உலகம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

அந்த ஆனப்பாறை சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்தில் வாசிக்கிறது. நல்லதம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். போனால் ராத்திரி திரும்ப முடியாது. சிக்கல் அங்கேதான் இருந்தது.

போன மாதம் காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பிறந்து வருடம் திரும்பாத பிள்ளை. கை கால் வெட்டி இழுத்து, கண் மேலே செருகி, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். டாக்டருக்கு எளிது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பெர்சிஸ் அன்றையிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. விளக்கை அணைத்தபின் அவள் விரல் பிள்ளையின் மூக்கருகே போகும். மூச்சு படும். விரல் திரும்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். நல்லதம்பி இதை அரைக்கண்ணால் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறான். அதனால் உண்மையைச் சொல்லிக் கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. பொய் சொல்லுகிற தைரியம் இருந்தது.

பெர்சிஸிடம், நாகர்கோவிலில் கம்பெனி மீட்டிங். முதலாளி கிதிர் முகம்மது அண்ணாச்சியிடம், நாசரேத்தில் கல்யாணம். ஸ்டேட்டஸ் போடாமல் இருப்பது மட்டும் அவனால் ஆகாத காரியம். ஆகவே அந்த இரண்டு பேருக்கும் தெரியாதபடி மறைத்துவைத்துவிட்டு, 'சனிக்கிழமை, ஆனப்பாறை, நான்' என்று மற்ற உலகத்துக்கு அறிவித்தான்.

"மீட்டிங்னா ராத்திரி தங்கணுமா?" என்றாள் பெர்சிஸ்.

"பின்ன? கம்பெனிக்காரன் ரூம் போட்டுக் குடுக்கான்."

"மோட்டாரப் பத்தி ராத்திரியில என்ன பேசுவிய?"

"புது மாடல் வருதுட்டி. சத்தமே கேக்காதாம்."

"சரி."

அந்தச் 'சரி' அவ்வளவு லேசாக வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். தயாரித்து வைத்த பொய்யில் பாதி மிஞ்சிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் போனை நீட்டினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குற்றாலம் மெயின் அருவி வரை போய் எடுத்த வீடியோ. பாறையே தெரியாமல் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"கை ஆடுது."

"எனக்கு வராது. நீங்கன்னா அழகா வெட்டி ஒட்டிப் போடுவிய. சொந்தக்காரங்க பாத்தா சந்தோசப்படுவாவ."

அவன் வீடியோத் திறமையைப் பற்றிக் கல்யாணமான பிறகு அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நல்லதம்பி உருகிவிட்டான். ஆடின இடத்தை வெட்டினான். அருவிச் சத்தத்தைக் குறைத்து, அடியில் ஆனப்பாறையின் கிட்டாரை ஓடவிட்டான். இப்படியாவது நாலு பேர் காதில் விழட்டும். மேலே மஞ்சள் எழுத்தில் 'வாருங்கள், குற்றாலம் அழைக்கிறது' என்று போட்டு, இருக்கிற குரூப்புக்கெல்லாம் தட்டிவிட்டான்.

காலையில் பதில்கள் குவிந்து கிடந்தன. கிட்டாரைப் பற்றி அதில் ஒருவர்கூட எழுதவில்லை.

சனிக்கிழமை காலை, மேலே மீட்டிங்குக்கு வெள்ளைச் சட்டை, உள்ளே ஆனப்பாறை படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் என்று அவன் கிளம்பி நின்றபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சாத்தான்குளம் சித்தப்பா எண்ணெய்ப் பாட்டிலோடு இறங்கினார். பின்னால் சித்தி, மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், ஒரு பெரிய சட்டி எலுமிச்சம்பழச் சாதம்.

"மாப்ள, நீங்க கூப்பிட்டு வராம இருப்பமா?"

"எனக்கு நாகர்கோவில்ல ஒரு மீட்டிங் மாமா..."

"நல்லாருக்கு. ஆள வாருங்கள்னு எழுதிப்போட்டு வரவழைச்சிட்டு, வீட்டப் பூட்டிட்டுப் போவியளோ?"

எல்லாரும் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு கார். கிதிர் முகம்மது அண்ணாச்சி, கூடவே அவர் மனைவி முஹ்ஸினா.

"கடை குரூப்புல வீடியோவப் பாத்தேம்லே. குளிச்சிட்டு வாரோம், சும்மா எட்டிப் பாப்பமேன்னு வந்தோம். ஆமா, நீ நாசரேத்துக் கல்யாணத்துக்குப் போகலியா?"

சித்தப்பா நிமிர்ந்தார். "மீட்டிங்னுல்லா சொன்னாவ?"

நல்லதம்பிக்குச் சட்டைக்குள் டி-ஷர்ட் சுட்டது. அடுப்படி வாசலில் பெர்சிஸ் நின்றாள். அவன் கர்த்தரை நினைத்துக்கொண்டான்.

"கல்யாணம் தள்ளிப் போயிட்டு அண்ணாச்சி," என்றாள் அவள். "மீட்டிங்கும் தள்ளிப் போயிட்டு."

"அப்ப நல்லதாப் போச்சு," என்று இரண்டு பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். முஹ்ஸினா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

நல்லதம்பி பெர்சிஸின் பின்னாலேயே அடுப்படிக்குள் போனான்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒரு வாரமா ஒங்க ஸ்டேட்டஸ் எனக்கு வரல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு நாள் தப்புனதில்ல. மொதல்ல பயந்துட்டேன், ஒங்களுக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு. அப்புறம் முஹ்ஸினா அக்கா போன்ல பாத்தேன். அங்கன ஒங்க ஆளுவ ஆடிட்டு இருக்காங்க, கீழ சனிக்கிழமைன்னு போட்டிருக்கு."

கூடத்தில் சித்தி பிள்ளையை மடியில் போட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிட்டயர் ஆகும்வரை பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தாலும், பெர்சிஸ் வரவழைத்தது அதில் ஒருத்தியை மட்டும்தான் என்று நல்லதம்பிக்கு அப்போதுதான் விளங்கியது.

"சித்திக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"பயமா இருக்கு வாங்கன்னா? பெர்சிஸுக்குப் பிள்ள வளக்கத் தெரியலன்னு ஊரு முழுக்க ஆயிரும். இப்ப அவிய குளிக்க வந்திருக்காவ. திங்கக்கெழமதான் போவாவ."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணுக்குக் கீழே ஒரு மாதத் தூக்கம் கறுத்துக் கிடந்தது.

ஆனப்பாறை மேடையேறுகிற நேரத்தில் நல்லதம்பி அருவிக்கரையில் ஒரு வேன் ஆட்களின் துணிமணிகளுக்குக் காவல் நின்றான். அவ்வளவு இரைச்சலிலும் அவன் காதில் டிரம்ஸ் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளை மூச்சு சீராக இருக்குமா என்றுதான் மனசு ஓடியது. ஒரு மாதமாக இதை அவள் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்க, நனைந்த துண்டுகள் கனத்தன.

திரும்பி வந்தபோது பெர்சிஸ் அப்போதுதான் எழுந்திருந்தாள். மத்தியானம் படுத்தவளாம். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. சித்தி மடியில் பிள்ளை சிரித்தது.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டான். "போகாதியன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா?"

"போயிருக்க மாட்டிய. கிறிஸ்மஸ் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பிய. இப்ப பாருங்க, சிரிச்ச முகமா எல்லாருக்கும் காப்பி குடுக்கப் போறிய." தட்டை அவன் கையில் வைத்தாள். "சித்தப்பாவுக்குச் சீனி கம்மி, மாத்திக் குடுத்திராதிய."