கருப்புக் காருக்கு வைக்கோல் குளியல்

தங்கமணி, செல்வராசு, ரெண்டு பேரும் கேளுங்கள். வீட்டில் எவர்சில்வர் குடமோ மிக்ஸியோ, புதிதாக எது வாங்கினாலும் உங்கள் அம்மா என்னைப் பார்த்து, "ஏனுங்க, வைக்கோல் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். காரணம் தெரியாமல் நீங்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறீர்கள். அதை நானே எழுதி வைத்துவிடுகிறேன். அம்மா சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எழுபதுகளில், கல்யாணத்துக்கு முன்னால், நான் மூணாறில் டிரைவர். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு லாரிக்காரரிடம் தொழில் படித்து லைசென்ஸ் எடுத்திருந்தேன். மூணாறில் பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்த மீரான் ராவுத்தர் பாலக்காட்டுக்காரர். நம் பக்கத்து ஆள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பல வருஷம் காத்திருந்து அவருக்குக் கிடைத்த கருப்பு அம்பாசிடர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கார் ஷெட்டிலேயே எனக்கும் ஒரு கட்டில்.

முதல் நாளே முதலாளி சட்டம் சொல்லிவிட்டார். புது இன்ஜின், முப்பது மைலுக்கு மேல் விரட்டக் கூடாது. (அந்த மலை ரோட்டில் இருபதே போகாது.) தினமும் தண்ணீர், ஆயில் பார்க்க வேண்டும். துடைப்பதற்கென்று ஒரு மஞ்சள் துணி கொடுத்தார். கன்றுக்குட்டியின் காது மாதிரி அத்தனை மெத்தென்று இருந்தது. அதில் போய் யாராவது வண்டி துடைப்பார்களா? வண்டியைப் பழைய வேட்டியால் துடைத்துவிட்டு, அதை ராத்திரியில் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். குளிர் அப்படி.

குளிரைக்கூடத் தாங்கலாம், பேச ஆளில்லாததைத் தாங்க முடியவில்லை. டீக்கடையில் ஒருநாள், "ஏனுங்க, டீ ஆறிப்போச்சுங்க" என்றேன். பக்கத்தில் இருந்த திருநெல்வேலி எஸ்டேட்காரர் ஒருவர், "ஏலே, ஏனுங்கவுக்கு டீ ஆறிப்போச்சாம்லா, சூடு பண்ணிக் குடு" என்றார். அன்றிலிருந்து என் பேரே 'ஏனுங்க'. கெட்ட மனுஷர்கள் இல்லை. இருந்தாலும் நான் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அப்புறம் பேச்செல்லாம் காரோடுதான். சாயங்காலம் பானெட் மேல் சாக்கைப் போர்த்தி, "படுத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் நான் படுப்பேன்.

ஆறு மாசம் இப்படிப் போனது. ஒருநாள் முதலாளி, மகளுக்கு மாப்பிள்ளை பேச வெள்ளிக்கிழமை பாலக்காட்டுக்குக் காரில் போகிறோம் என்றார். மாப்பிள்ளை வீட்டில் புதுக் காரைப் பற்றி முன்பே சொல்லி வைத்திருந்தார். எனக்கு ரெண்டு நாள் லீவு. அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் காட்டிக்கொள்ளவும் சம்மதித்துவிட்டார். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வியாழக்கிழமை கடைக்குக் கண்ணாடி டம்ளர் பெட்டிகள் வந்தன. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே டம்ளர்களுக்கு நடுவில் நெல் வைக்கோல். அந்த மலையில் தேயிலையையும் மழையையும் தவிர வேறு வாசனை இல்லை. ஊரிலிருந்து யாரோ என்னைத் தேடி வந்த மாதிரி இருந்தது. ஒரு கட்டு அள்ளி ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

பிறகு என்ன செய்வேன்? வைக்கோலை முறுக்கிப் பிடித்து, தண்ணீரில் தோய்த்து, பொங்கலுக்கு மாடு கழுவுகிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். உதைக்கவில்லை, வாலால் அடிக்கவில்லை, இதைப்போல ஒரு மாட்டை நான் கண்டதில்லை. ஊர்ச் சேதியெல்லாம் அதனிடம் சொன்னேன். ஈரத்தில் வண்டி எருமைக்கடா மாதிரி பளபளத்தது.

காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பானெட்டிலிருந்து டிக்கி வரைக்கும் வட்ட வட்டமாகக் கீறல்.

அப்போதும் புத்தி மாட்டை விட்டு நகரவில்லை. கொம்புக்கு எண்ணெய் தடவினால் கீறல் தெரியாதே! ஒரு புட்டி தேங்காயெண்ணெயை வெயிலில் உருக்கி, கை நிறைய அள்ளிப் பூசினேன். ஒரு கீறல்கூடக் கண்ணில் படவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மூணாறு ராத்திரிக் குளிரில் தேங்காயெண்ணெய் மறுபடி உறையும் என்பது ஆறு மாசமாகத் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஞாபகம் வரவில்லை.

காலையில் முதலாளி வெள்ளைச் சட்டையும் அத்தருமாக வந்தார். கருப்புக் காரின்மேல் ஒவ்வொரு கீறலிலும் எண்ணெய் உறைந்து, யாரோ விடிய விடிய அரிசி மாவில் கோலம் போட்ட மாதிரி நின்றது.

"எடா, எதுலெடா தேச்சே?"

"வைக்கோல்லதானுங்க. மாட்டெ அப்படித்தானுங்க..."

"மாடுன்னா மேலே முடி மொளைக்கும். இதுக்கு மொளைக்குமாடா?"

அவர் பார்வை என் காதுக்கு வந்தது. அங்கே அந்த மஞ்சள் துணி.

"தொணி சொகமா இருக்கா?" என்றார். பையைத் தானே எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நாலு எட்டுப் போய்த் திரும்பி, "நீ வர வேண்டாம். இங்கயே இருந்து உன் மாட்டெ நோக்கிக்க" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஊருக்காவது போயிருப்பேன்.

பஸ் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வெந்நீர் வைத்து, காதிலிருந்த துணியை அவிழ்த்து, எண்ணெயை முழுக்கத் துடைத்தேன். கீறல் அப்படியே இருந்தது. பொழுது சாய்ந்ததும் வழக்கம்போலச் சாக்கைப் போர்த்தினேன். மூலையில் வைக்கோல் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அதை அள்ளி உதறி, காரின் முகத்துக்கு நேரே, முன் சக்கரங்களுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.