மேனேஜர் பேங்குக்குப் போயிருக்கிறார்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லும் முன் எச்சில் விழுங்குகிற ஆள் நான். திருடனுக்குக்கூட அவன் தொழிலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. என் தொழிலுக்கு இல்லை. ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் பன்னிரண்டு வருடமாக நான் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

விற்கிறவர்கள் வேறு, நான் வேறு. மெத்தையில் வந்து உட்காரும் பெண்களுக்கு மடித்த புடவையைப் பார்த்தால் திருப்தி வராது. பார்டர் காலில் எப்படி விழும், முந்தி முதுகில் எவ்வளவு தொங்கும் என்று தெரிந்தாக வேண்டும். மற்ற கடைகளில் தோளில் போட்டுக் காட்டுவதோடு சரி. எங்கள் முதலாளிக்கு முழுசாகக் கட்டிக் காட்ட வேண்டும். பேன்ட் சட்டைக்கு மேல் ஒரு பெல்ட்டை இறுக்கி, கொசுவம் வைத்துச் செருகி, மெத்தை நடுவில் நின்று சுற்றிக் காட்டுவேன். (இடுப்பே இல்லாத ஒல்லி உடம்பு. அதனால்தான் இந்தப் பாக்கியம்.)

இருபத்தேழு வயதில் செய்யாருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் கௌசல்யா. கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் அப்பா ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். ஆளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துப் பழகியவர்.

"தம்பிக்குக் கடையில இன்னா வேலைங்க?" என்றார்.

"மேனேஜருங்க" என்றது என் வாய். அதோடு நிறுத்தினேனா? தனி ரூம், ஏசி, சுழல் நாற்காலி எல்லாம் கொடுத்துக்கொண்டேன். அந்தத் தெம்பில் என் தாய்மாமன் காலை ஆட்டிக்கொண்டே, "பொண்ணு கொஞ்சம் நடந்து காட்டட்டுங்க" என்றார். இந்தக் காலத்தில் இப்படியா கேட்பது என்று நான் தடுத்திருக்க வேண்டும். மேனேஜர் தோரணை கெட்டுவிடுமே என்று சும்மா இருந்தேன். கௌசல்யா நடந்தாள். திரும்பும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போன் செய்தேன். அவள் "ஹலோ" என்றதும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. களம்பூர் ரைஸ்மில்காரர் வீட்டு அம்மா ஒரு மாம்பழக் கலர் புடவையைக் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். நான் இன்னும் கழற்றவில்லை. கண்ணாடிக் கதவு திறந்தது. முன்னால் கண்டக்டர், பின்னால் அவர் மனைவி, அதற்கும் பின்னால் கௌசல்யா.

புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? "வாங்க மாமா, கஸ்டமருக்குக் காட்டிகினு இருந்தேன்" என்று சிரித்துச் சமாளித்திருப்பான். அவசரத்துக்கு மேனேஜரும் புடவை காட்டுவார்தானே. இந்த யோசனை எனக்கு மூன்று நாள் கழித்து வந்தது. அந்த நிமிடம் என் கைகள் செய்தது, முந்தியை எடுத்து முக்காடு போட்டு மீசைக்குக் கீழே வரை இழுத்துக்கொண்டதுதான்.

"மேனேஜர் தினகரன் இருக்காருங்களா?" என்றார் கண்டக்டர் மாமா.

கூட வேலை செய்கிற ஏகாம்பரம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். முக்காட்டு இடுக்கு வழியாகக் கண்ணாலேயே அவரைக் கும்பிட்டேன். பழம் தின்று கொட்டை போட்ட சேல்ஸ்மேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"மேனேஜர் பேங்குக்குப் போயிருக்காருங்க. குந்துங்க, ஜல்தியா வந்துடுவாரு."

மூன்று பேரும் என் காலடியில் உட்கார்ந்தார்கள். வெளியே போக இருப்பது அந்த ஒரே கதவு. வழியை மறித்துக்கொண்டு என் வருங்கால மாமியார்.

"இந்தப் பொண்ணு கட்டிகினு இருக்கிற பொடவை நல்லாக் கீதே. கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க" என்றார் அவர்.

திரும்பினேன்.

"நல்ல ஒசரமான பொண்ணு. வாய் பேசாதா?"

"அதுக்குக் கூச்சம் ஜாஸ்திங்க" என்றார் ஏகாம்பரம் அண்ணன். (அவர் இதை ரசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.)

"எப்ப வராருன்னு நான் கேக்குறேன்" என்று கௌசல்யா போனை எடுத்தாள். அடுத்த நொடி என் நெஞ்சுக்குள்ளிருந்து சேவல் கூவியது. அப்போது என் ரிங்டோன் அது. அவள் கட் செய்தாள், சேவல் நின்றது. மறுபடி அடித்தாள், மறுபடி கூவியது. மூன்றாவது தடவை அடித்தது வேண்டுமென்றேதான். இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "அந்த அக்காவைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்றாள் நிதானமாக.

நடந்தேன். அன்று அவள் பார்த்த பார்வை வெட்கம் இல்லை என்பது நாலாவது அடியில் புரிந்தது. ஐந்தாவது அடியில் கொசுவத்தை மிதித்தேன். முக்காடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மெத்தையில் விழுந்த இடத்திலிருந்து மீசையோடு நிமிர்ந்து, "வாங்க மாமா" என்றேன்.



"ஞாயித்துக்கிழமை எந்த பேங்க் தொறந்துகினு கீதுன்னு அப்பவே யோசிச்சேன்" என்றார் மாமா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பொடவை கட்டுறது தப்பில்ல தம்பி. பொய் சொன்னீங்களே. எதை நம்பிப் பொண்ணு குடுக்குறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையைச் சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன் என்பதை, மாம்பழக் கலர் பட்டில் உட்கார்ந்தபடி சொன்னேன். அவர் எழுந்துகொண்டார். மாமியாரும் எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

கௌசல்யா எழவில்லை. குனிந்து என் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது நீங்களே வெச்சதா?"

"ஆமா."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

அப்பாவிடம் திரும்பினாள். "எனக்குப் பட்டுப்பொடவை கட்டவே வராதுப்பா. ஆறு வருசமா யூனிபார்ம்தான் போடுறேன். இவங்க வந்த அன்னிக்கு எதிர்வீட்டு அக்காதான் கட்டிவுட்டாங்க. அம்மா, பொண்ணே கட்டிகிச்சுன்னு இவங்க மாமாகிட்ட நீ சொல்லலை?"

மாமியார் சீலிங் ஃபேனைப் பார்த்தார். மாமா மாமியாரைப் பார்த்தார். அப்புறம் மெத்தையில் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, ஏகாம்பரம் அண்ணனிடம் தண்ணீர் கேட்டார்.

கல்யாணத்துக்கு அவளுக்குக் கொசுவம் வைத்தது நான்தான். சொந்தக்காரப் பெண்கள் செய்த பேஜாரைச் சொல்லி முடியாது. இன்றும் வீட்டில் அந்த வேலை என்னுடையதே, அவள் கற்றுக்கொள்கிற உத்தேசத்தில் இல்லை.

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டு வந்தாலும், மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "நீங்க பொண்ணைப் பாத்தீங்க. நாங்க மாப்பிள்ளையைப் பொடவை கட்டி நிக்கவெச்சுப் பாத்தோம். திரும்புன்னா திரும்புனாரு, நடன்னா நடந்தாரு. குனிஞ்ச தலை நிமிரலை. அவ்ளோ அடக்கமான புள்ள இந்த ஜில்லாவுலயே கெடைக்காதுங்க."