அப்ரோடைட்டியின் உச்சியில் எம்சீல்

அடைப்பவர் என்றொரு இனம் உண்டு. ஓட்டையைக் கண்டால் இவருக்குச் சோறு இறங்காது. வாளி, தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தால் அவருடைய கழிவுநீர்க் குழாய் என எதையும் விடாமல் எம்சீலைப் பிசைந்து அப்பி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, "இனி இது பேசாது" என்பார். அந்த ஓட்டை எதற்காக இருந்தது? அது அவருக்குத் தேவையில்லாத கேள்வி.

ஆவடியில் வார்ப்படத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்று, மேனாம்பேட்டில் வீடு கட்டிய தங்கராஜ் இந்த இனத்தில் முதல் தரம். மகள் மோகனப்பிரியா இன்ஜினியர். வேலையாக ஏதென்ஸ் போனவள், மியூசியம் கடையில் அவருக்கொரு சுடுமண் குப்பி வாங்கி வந்தாள். பழங்கால வாசனை எண்ணெய்க் குப்பியின் நகல். அப்ரோடைட்டி என்கிற கிரேக்கத் தெய்வம் கையில் புறாவோடு நிற்கும். உச்சந்தலையில் குட்டி வாய். உள்ளே வெற்றிடம்.

"தேங்காயெண்ணெய் ஊத்தி வச்சுக்கோங்கப்பா."

தங்கராஜ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமி லட்சணமாத்தான் இருக்கு. வார்க்கும்போது காத்து மாட்டிக்கிச்சு. எங்க செக்‌ஷன்ல இதைப் பாஸ் பண்ண மாட்டோம்."

மறுநாள் வாயை அரத்தால் ராவி, எம்சீல் வைத்து, ரெட் ஆக்சைடு பூசி ஷோகேஸில் நிறுத்திவிட்டார். ஏமாந்து வாங்கி வந்த மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பெருந்தன்மை.

இன்று அவருக்குப் பதினாறாம் நாள். படத்துக்கு முன் எரியும் விளக்குக்கு அந்தக் குப்பியிலிருந்துதான் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று மோகனப்பிரியாவுக்குத் தோன்றியது. ஒரு நாளாவது அது குப்பியாக இருக்கட்டும். அப்பாவின் ட்ரில்லை எடுத்தாள்.

பக்கத்து வீட்டு நாகம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா பண்ற? அம்மன் தலைல ஓட்டை போடுறியா?"

"மொதல்ல இருந்தே ஓட்டைதான்க்கா."

"அதான் உங்கப்பா சரி பண்ணி வெச்சிகீறாரே. செத்த மனுசனுக்கு எதுக்கு திரும்பவும் வேலை வெக்கிற?"

ட்ரில் முனையை உச்சியில் வைத்தாள். சிவப்புப் பூச்சில் ஒரு கட்டைவிரல் பள்ளம், ரேகையோடு. ஸ்விட்சை அழுத்தவில்லை.

கிண்ணத்திலிருந்தே ஊற்றினாள். விளக்குத் தண்டைத் திருகிப் பொருத்திய மரையில் எண்ணெய் கசிந்து, கீழே விரித்த வெள்ளைத் துணியில் இறங்கியது. பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, அப்பா மிச்சம் வைத்திருந்த எம்சீலை எடுத்துப் பிசைந்தாள். விளக்கை அணைத்து, துடைத்து, அப்பினாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து.

"இனி இது பேசாது."

நாகம்மா அவளை ஒரு தடவை பார்த்தாள். படத்தை ஒரு தடவை பார்த்தாள்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜையும் திறந்து பாருங்கள். முட்டைக்குப் பக்கத்தில், பாலித்தீனில் சுற்றியபடி பாதி எம்சீல் இருக்கிறதா? இருந்தால், உங்களுக்குப் பரிசு வாங்கி வருகிறவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்கட்டும்.