முப்பது மில்லி ஆம்பியர்

"எர்த் ஒயர் எங்க போகுது மாஸ்டர்?"

"பூமிக்குத்தான். வேற எங்க போகும்?" என்றார் தையல்காரர்.

எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டின் வயிற்றுக்குள்ளிருந்து பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு, தொலைந்த ஆட்டைத் தேடுகிறவர் மாதிரி சுவரோரமாகவே நடந்தார். கூடம், சமையலறை, இருட்டு நடை. கடைசியில் குளியலறைக் குழாயடியில் போய் நின்றார். பச்சை ஒயர் பழைய இரும்புக் குழாயில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்த இரும்பு ஒரு சாண் கீழே போனதும் பிளாஸ்டிக்காக மாறியிருந்தது.

"இது பூமிக்குப் போகல மாஸ்டர். குளிக்கப் போயிருக்கு."

அந்த எலக்ட்ரீஷியனை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் செருகிய டெஸ்டரை அவர் தூங்கும்போதும் எடுப்பதில்லை, ஒருக்களித்துப் படுத்தால் அது எரியும் என்று தெருவில் பேச்சு.

"எப்பவோ இரும்புக் குழாயைப் பிடுங்கிட்டு பிளாஸ்டிக் போட்டிருக்காங்க. இப்ப வீட்ல எங்க கரண்ட் கசிஞ்சாலும் நேரா இங்க வந்து நிக்கும். குளிக்கும்போது சுருசுருன்னு இருக்குமே, யாரும் சொல்லலையா?"

தையல்காரர் குழாயடியில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். சொல்லியிருந்தாள். அவர் மனைவி ஒன்பது வருஷமாக வாரத்துக்கு நாலு தடவை சொல்லியிருந்தாள். அவரும் ஒன்பது வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்: "செருப்பு போட்டுக்கிட்டுக் குளி." அதில் தேய்ந்த ரப்பர் செருப்புகளை அடுக்கினால் இன்னொரு மாடி எழுப்பலாம்.

அந்த மனைவி இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். நெஞ்சுச் சளி முற்றி மூச்சு திணறி, மூன்று வாரமாகப் படுக்கை. வெளியே மூன்று வாரமாக விடாத தூறல். வீட்டில் துணி காயவில்லை, சுவர் காயவில்லை, தையல்காரரின் முகமும் காயவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்து, ஒருவராகச் சாப்பிட்டு, மிச்சத்தை மூடி வைப்பார். மறுநாளும் மறந்துபோய் இரண்டு பேருக்கே வைப்பார்.

சனிக்கிழமைதான் நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்தாள். ராத்திரியில் போட்டுக்கொள்ள ஒரு மூச்சு மெஷினோடு மனைவியை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வீட்டு ஒயரிங் சரியாக இருக்க வேண்டும். முறையான எர்த் வேண்டும். கசிவு வந்தால் உடனே வெட்டிவிடும் பிரேக்கர் வேண்டும். குளியலறைக் குழாயில் எந்தவிதமான சுருசுருப்பும் இருக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் போகும் கம்பிகளும் விட்டுப்போகாமல் பார்க்கப்பட வேண்டும். மின் இன்ஸ்பெக்டரின் சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும். வராவிட்டால் நோயாளியை மலையடிவார ஓய்வு இல்லத்துக்கு மூன்று மாதம் அனுப்ப வேண்டியிருக்கும்.

"ஆஸ்பத்திரிக்காரன் என்ன நுணுக்கம் பார்த்தியா! குழாய் வரைக்கும் யோசிச்சிருக்கான்," என்று வியந்தார் தையல்காரர்.

"அதென்ன மாஸ்டர், சுவருக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கத்தைப் பத்தி என்கிட்ட பேசாத."

அந்தப் பக்கம் இருந்தது அண்ணன்.

அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்தார்கள். இன்ச் டேப்பை வைத்து அளந்தது தையல்காரர். அரைக்கால் அங்குலம் பிசகாமல், நடுக்கூடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுச் சுவர் எழுப்பினார்கள். எழுப்பிய பிறகு பார்த்தால் மாடிப்படி அண்ணன் பக்கம், மாடியறை தம்பி பக்கம். அண்ணனுடைய படிக்கட்டு பதினெட்டுப் படி ஏறி ஒரு செங்கல் சுவரில் முட்டி நின்றது. தம்பியின் மாடியறைக்குக் காக்கை மட்டுமே போய்வந்தது. "உனக்கு ஒரு சட்டையையே ஒழுங்கா அளக்கத் தெரியாது, வீட்டை அளக்க வந்துட்ட," என்று அண்ணன் பத்துப் பேர் முன்னால் சொன்னார். தையல்காரனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதைச் சொல்லக் கூடாது. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

திங்கட்கிழமை எர்த்துக்குக் குழி வெட்டினார்கள். எட்டடி ஆழம், கரி, உப்பு, நடுவில் குழாய். வீட்டில் மண் தெரிந்த ஒரே இடம் மனைவியின் எலுமிச்சைச் செடி நின்ற மூலை. செடியைப் பிடுங்கி வாளியில் வைத்துவிட்டு நாலடி தோண்டியதும் கடப்பாரை எதன்மேலோ பட்டது. தண்ணீர் மாடியறை வரைக்கும் பீய்ச்சியது. ஒன்பது வருஷத்தில் அந்த அறைக்கு நடந்த முதல் கழுவல் அதுதான்.

"எர்த் கிடைச்சிடும் மாஸ்டர்," என்றார் டெஸ்டர், இடுப்பளவு சேற்றில் நின்றபடி. "தண்ணிதான் இனி கிடைக்காது."

செவ்வாய்க்கிழமை பிரேக்கர் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

"போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும். முப்பது மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாப் போதும், வெட்டிடும்."

"முப்பது மில்லின்னா எவ்வளவு?"

"ஒரு கொசு கோபப்பட்டா எவ்வளவு வருமோ, அவ்வளவு."

சுவிட்சைத் தூக்கினார். டப். வீடு இருண்டது.

முப்பது வருஷத்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி வாசலில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் தாங்கியது. டப். மிக்ஸியை வைத்தார்கள். டப். ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் போனார்கள். தையல் மெஷினின் மோட்டாரும் போனது. வாசலில் குவிந்த சாமானைப் பார்த்து, வீடு காலியாகிறதென்று நினைத்து இரண்டு குடும்பங்கள் வந்து வாடகை விசாரித்தன. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த கோட்டு இரண்டு கையும் இல்லாமல் ஆணியில் தொங்கியது. கோட்டுக்காரர் வந்து கத்தினார். தையல்காரர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் தைத்து, வலது கையை இடது பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு பல்பு. பகல் முழுக்க எரிந்தது. தையல்காரர் மூச்சு விடாமல் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆறரை.

டப்.

"இன்னும் எதைத்தான்யா வெளிய வைக்கிறது? நான்தான் பாக்கி!"

"நேத்தும் ஆறரைக்குத்தான் போச்சு," என்று டெஸ்டர் மோவாயைச் சொறிந்தார். தூக்கிவிட்டால் உடனே விழுந்தது. எட்டு மணிக்கு மேல் தூக்கினால் நின்றது. "வீட்ல யாராவது ஆறரைக்கு இறந்து போயிருக்காங்களா மாஸ்டர்?"

வியாழக்கிழமை பார்வை நேரத்தில் மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறி, கையில் ஊசி குத்திய நீலத் தழும்புகள். ஆனால் கேள்வி மட்டும் தெளிவாக வந்தது.

"எர்த் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"குழாயை நீங்களே தொட்டுப் பாத்தீங்களா? வெறுங்கால்ல?"

"குழாய்ல தண்ணியே வரல, அப்புறம் என்ன சுருசுருப்பு."

"அந்தப் பக்கத்து ஒயரு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? நீ மூச்சை மட்டும் ஒழுங்கா விடு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூறல் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்த தையல்காரர், தானும் வராந்தாவில் போய் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் டெஸ்டரிடம் சொன்னார். "என்ன வேணா பண்ணு. ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வர்றாங்க. அவளை மலையடிவாரத்துக்கு அனுப்ப விடமாட்டேன்."

டெஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பிரேக்கரைச் சுத்தி ரெண்டு ஒயர் போட்டுடலாம். அது அங்கேயே உக்காந்திருக்கும். வேலை மட்டும் செய்யாது."

"இந்தச் சுவரைக் கட்டின மேஸ்திரி மாதிரி."

"அதேதான்."

ஒயரைப் போட்டு, மூடியை மாட்டி, தூசியையும் ஊதித் துடைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா குட்டையாக இருந்தார். குடையை மடக்கிவிட்டு, விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். எர்த்தை அளந்து தலையாட்டினார். பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். திரும்பி டெஸ்டரைப் பார்த்தார். டெஸ்டர் காதிலிருந்த டெஸ்டரை எடுத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"இதை நான் எழுதினா, உங்க லைசென்ஸ் போயிடும். ஐயா வீட்டு லைனையும் வெட்டிடுவாங்க. எழுதட்டுமா?"

தையல்காரர் சீட்டை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அம்மா சீட்டைப் படித்தார். ஒரு இடத்தில் புருவம் உயர்ந்தது. "இந்தச் சுவர் விஷயம் புத்தகத்துலயே இவ்வளவு தெளிவா இல்லையே," என்று முணுமுணுத்துவிட்டுத் தானே மூடியைக் கழற்றித் திருட்டு ஒயரை உருவிப் போட்டார். மீட்டரை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

ஆறரை. டப்.

"ஐயா, உங்க வீட்ல போற கரண்ட்டை விட வர்ற கரண்ட்டு அதிகமா இருக்கு."

"அதிகமா வந்தா நல்லதுதானேம்மா?"

"அது உங்களுது இல்லைங்க. வேற யாரோ விளக்குப் போடறாங்க. கரண்ட் அவங்க லைன்ல போய், திரும்பற வழி மட்டும் உங்க நியூட்ரல்ல வருது." அவர் சுவரில் காதை வைத்தார். "இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றார் தையல்காரர்.

"மாடிப்படி," என்றார் டெஸ்டர்.

"கம்பி இந்தச் சுவருக்குள்ளதான் போகுது. உடைச்சு, அதைப் பிரிச்சாத்தான் கையெழுத்து."

தையல்காரர் சுவரைப் பார்த்தார். அவரே அளந்த சுவர். ஒன்பது வருஷ ரோஷம் முழுவதும் அதில்தான் பூசியிருந்தது. பிறகு ஆணியில் தொங்கிய மனைவியின் சால்வையைப் பார்த்தார். சுத்தியலை வாங்கி, முதல் அடியைத் தானே அடித்தார்.

ஐந்தாவது அடியில் ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் டார்ச் வெளிச்சமும், அதற்குப் பின்னால் அண்ணனின் மூக்கும் தெரிந்தன.

"டேய்! நீதானா? ரெண்டு நாள்ல பதினாலு பல்பு மாத்திட்டேன்டா! போடறேன், உடனே அணையுது!"

"நீ போடறதாலதான் எனக்கும் அணையுது! ஊர்ல உனக்கு உக்கார வேற இடமே இல்லையா? எங்கயும் போகாத படிக்கட்டுல தினம் ஆறரைக்கு என்ன வேலை?"

"பேப்பர் படிப்பேன். அங்கதான் உன் மெஷின் சத்தம் கேக்கும்..." அண்ணன் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதாவது, அந்த எழவு சத்தம் அங்கதான் கொஞ்சம் கம்மியாக் கேக்கும்."

அண்ணன் மூக்கின்மேல் உதிர்ந்த காரையைத் துடைத்துக்கொண்டார்.

"அவ எப்படிடா இருக்கா?"

தையல்காரர் ஓட்டை வழியாக அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "அந்தச் சட்டையை எந்தக் கழுதை தைச்சான்? ஒரு கை ரெண்டு அங்குலம் நீளம்."

"நாலு தையக்காரன்கிட்ட போய்ப் பாத்துட்டேன். எல்லாருமே இப்படித்தான் தைக்கிறானுங்க."

"அளவு கொடுத்துட்டுப் போ."

டெஸ்டர் கம்பியைப் பிரித்தார். அந்தப் பக்கம் படிக்கட்டு விளக்கு எரிந்தது, இந்தப் பக்கம் கூடத்து பல்பும் எரிந்தது. பிரேக்கர் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா கையெழுத்துப் போடும்போது, ஓட்டையை அடைக்கச் செங்கல் கொண்டுவரட்டுமா என்று டெஸ்டர் கேட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அவரைத் திட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தூறல் விடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே குடைக்குள் ஆளுக்கொரு தோள் நனைய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்த சான்றிதழை எடுத்து, கசங்கலை நீவி, சீட்டு கொடுத்த அதே நர்ஸிடம் நீட்டினார் தையல்காரர்.

"நீங்க கேட்டது எல்லாம் முடிஞ்சுதும்மா. எர்த், பிரேக்கர், குழாய், சுவருக்கு அந்தப் பக்கம், ஒண்ணுவிடாம. மூச்சு மெஷினை எடுத்துட்டு வாங்க, அவளைக் கூட்டிட்டுப் போறோம்."

நர்ஸ் சான்றிதழைப் பார்த்தாள். ஒரே குடையில் வந்து நனைந்து நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மெஷினெல்லாம் எதுவும் இல்லைங்க ஐயா, அம்மாவைப் போன சனிக்கிழமையே வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு, 'நான் ஒன்பது வருஷமாச் சொல்லி என் வீட்டுக்காரர் கேக்கல, ஆஸ்பத்திரிச் சீட்டு சொன்னாக் கேப்பாரு'ன்னு அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கொடுத்தேன்."