கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை

வெனெதாவின் பிரின்டரில் கலர் மை தீர்ந்துவிட்டது. சிவப்பாக வந்திருக்க வேண்டிய கட்டம் கறுப்பாக வந்தது. நடுவில் போட்டிருந்த லியுத்மிலின் முகமும், அவன் கட்டியிருந்த மஞ்சள் டையும் சேர்ந்து சாம்பல் நிறமாகிவிட்டன. புது மை வாங்கலாமென்றால் கடை திறக்க ஒன்பது மணியாகும். அதற்குள் பாதிக் கட்டடம் வேலைக்குக் கிளம்பிவிடும். விஷயம்தானே முக்கியம், நிறமா முக்கியம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன் முழங்கால்களையும், லிஃப்ட் ரிப்பேர்க்காரனையும் மாறி மாறித் திட்டியபடி ஆறு மாடி இறங்கி, பி வாசலின் கண்ணாடிக் கதவில் அந்தத் தாளை ஒட்டினாள். ஒட்டிய கையோடு குடைமிளகாய் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டாள். அது வியாழக்கிழமை.

பி வாசலின் நாற்பது வீடுகளுக்கும் அவள்தான் நிர்வாகி. தண்ணீர் நின்றாலும், லிஃப்ட் நின்றாலும் அவள் ஒட்டும் தாள், "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால்" என்றுதான் தொடங்கும். இந்த முறையும் பழக்கதோஷத்தில் அப்படியே தொடங்கியிருந்தாள்.

லியுத்மில் ஐந்தாவது மாடி. ஒண்டிக்கட்டை, இனிக்க இனிக்கப் பேசுகிறவன். முன்பு வீடு வீடாகப் போய்த் தூசி உறிஞ்சும் மெஷின் விற்றான். ஒரு வருஷமாக மரித்சா நாணயம் விற்கிறான். அந்த நாணயத்தை யாரும் கையில் தொட்டதில்லை. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அங்கேயே குட்டி போடுகிறது என்றார்கள். வாரத்துக்கு மூன்று சதவீதம் நிச்சயம். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் அதற்குத் தனிக் கமிஷன். அந்த இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் தனி. வரும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வாசகசாலைக் கூடத்தில் கடைசி வாய்ப்பு. அதற்குப் பிறகு விலை இரண்டு மடங்கு.

செப்டம்பரில் நடந்த கூட்டத்துக்கு வெனெதாவும் போயிருந்தாள். எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல ஒண்ணை இப்பவே வித்து, காசைக் கையில குடுக்க முடியுமா?"

"உங்க நல்லதுக்காகவே ஒரு வருஷம் பூட்டி வச்சிருக்கோம், மேடம்" என்றான் லியுத்மில்.

விலையை யார் வைக்கிறார்கள் என்று கேட்டாள். சந்தை வைக்கிறது என்றான். எந்தச் சந்தை என்றாள். எங்கள் இணையப் பக்கம் என்றான். அரசாங்க உரிமம் என்று சுவரில் மாட்டியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள். பூக்கடை வைப்பவனுக்கும் கொடுக்கிற சாதாரணப் பதிவுச் சான்றிதழ் அது. முப்பது வருஷம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவள் வெனெதா. காசு உள்ளே போக மட்டும் வழி இருந்து, சில்லறை வெளியே வர வழியே இல்லாத கவுன்டரை அவள் அதுவரை பார்த்ததில்லை. முதலில் வந்தவனுக்குக் கொடுப்பது அடுத்து வந்தவனின் காசு, அவ்வளவுதான் சூட்சுமம் என்பது பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

புரியாதவர் அவள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அவள் கணவர் அசென். அப்பா காலத்து கார் ஷெட்டை விற்ற பதினாலாயிரம் லெவாவை பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார். ஒரே வருஷத்தில் அது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகுமாம். அந்தப் பணத்தில் வெனெதாவின் இரண்டு முழங்கால்களையும் மாற்றி, மிச்சத்தில் கடலோரம் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாமாம். மூன்று வாரமாக அவள் கெஞ்சியும் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தாள்.

மிளகாய்ப் பையோடு அவள் திரும்பி வந்தபோது வாசற்படியில் இரண்டு வெள்ளைச் சாமந்திகள் கிடந்தன. காலித் தயிர் பாட்டிலுக்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தரைத்தளத்து ருஸ்கா கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்றாள் ருஸ்கா.

"யாரை, அக்கா?"

"யாரையா? ஒட்டினதே நீதானே. நம்ம லியுத்மிலைத்தான்."

வெனெதா கதவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசல் கதவு, கறுப்புக் கட்டம், நடுவில் டை கட்டிய படம். அந்த ஊரில் இவை மூன்றும் ஒரே தாளில் சேர்ந்தால் அது சாவு அறிவிப்புதான். பக்கத்துக் கம்பத்திலேயே அப்படி நாலு ஒட்டியிருந்தது. அந்தத் தாள்களை யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், அடக்கம் எப்போது என்று பார்ப்பார்கள். "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாசகசாலைக் கூடத்துக்குப் போகாதீர்கள்" என்று அவள் எழுதியிருந்ததில், கிழமையும் மணியும் மட்டுமே எல்லார் கண்ணிலும் பட்டிருந்தன.

அவள் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். ருஸ்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது நாள் ஆகாம செத்தவன் தாளை யாராச்சும் கிழிப்பாங்களா? உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

அதைச் சாவுத் தாள் என்றே நினைக்கிறவளிடம் என்ன சொல்வது. வெனெதா ஆறு மாடி ஏறி இன்னொரு தாளில் "லியுத்மில் உயிரோடு இருக்கிறார்" என்று கொட்டை எழுத்தில் அடித்து, மறுபடி ஆறு மாடி இறங்கி, முதல் தாளுக்குக் கீழே ஒட்டினாள். ருஸ்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, நம்ம மனசுல" என்றவள், பேனா வாங்கி அடியில் கையெழுத்தும் போட்டாள். பத்து மணிக்குள் அதில் பதினேழு கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன.

ஆளையே கொண்டுவந்து நிறுத்திவிட்டால் முடிந்தது என்று லியுத்மிலுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். தலைவர்களுக்கான பயிற்சி என்று புதன்கிழமையே தலைநகர் சோஃபியாவுக்குப் போயிருந்தான், அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கம்பெனி நம்பருக்கு அடித்தாள். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, வளமான எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக அவளைப் பாராட்டிவிட்டு வைத்துவிட்டது.

இத்தனை குழப்பத்திலும் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. விற்கிறவனே போய்விட்டான் என்றால் இனி யார் பணம் கட்டப்போகிறார்கள். செத்தவனாகவே இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்கு உடனே சிலுவைக்குறியும் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆறுதல் மூன்றாம் மாடி வரைதான் நிலைத்தது. அங்கே படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் கோலெவ். அவர் பக்கத்தில் அசென்.

"யோசிச்சுப் பாருங்க" என்று கோலெவ் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "லியுத்மில்கிட்ட எத்தனை ஆயிரம் நாணயம் இருந்திருக்கும். பாஸ்வேர்டு அவன் மண்டைக்குள்ள. அவன் மண்டை இப்ப மண்ணுக்குள்ள போகப்போகுது. அத்தனை நாணயமும் இனிமே வெளிய வராது. உலகத்துல நாணயம் குறைஞ்சுபோச்சு. குறைஞ்சா விலை என்ன ஆகும்?"

"ஏறும்" என்றார் அசென், முதல் பெஞ்சு மாணவனைப் போல.

சனிக்கிழமை வரை காத்திருப்பது முட்டாள்தனம் என்று முடிவாயிற்று. சோஃபியாவிலிருந்து கம்பெனி ஆள் யாராவது துக்கத்துக்கு வராமலா இருப்பார்கள், அவர்களிடமே பணத்தைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். போன மாதம் வேண்டாமென்று ஒதுங்கியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இப்போது சேர்வதாகச் சொன்னார்கள். செத்தவனுக்குச் செய்யும் மரியாதையாகவும் இருக்குமே என்றாள் அதில் ஒருத்தி.

வெனெதா உண்மையைப் போட்டு உடைத்தாள். அவன் சாகவில்லை, அது சாவு அறிவிப்பே இல்லை, இந்த ஏமாற்று வேலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று தான் எழுதிய எச்சரிக்கை, மை தீர்ந்ததால் கறுப்பாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னாள். நம்பாவிட்டால் இறங்கிப் போய்ப் படித்துப் பாருங்கள் என்றாள்.

எல்லாரும் இறங்கிப் போனார்கள். கோலெவ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளை முதல்முறையாக முழுதும் உரக்கப் படித்தார். வெளியே எடுக்க முடியாத பணம், அவர்களே வைக்கும் விலை, ஆள் பிடித்தால் கமிஷன், உரிமம் என்ற பெயரில் வெறும் பதிவுச் சான்றிதழ், அவசரப்படுத்தும் கடைசித் தேதி, எல்லாம் வரிசையாக வந்தன. "இப்படிப்பட்டவர் ஒருநாள் நம்மிடையே இருக்கமாட்டார்" என்று தாள் முடிந்தது. கோலெவ் கண்ணாடியைக் கழற்றினார். புரிந்துவிட்டது போல என்று வெனெதா மூச்சுவிட்டாள்.

"செத்தவனைப் பத்தி இப்படியா எழுதுவே?" என்றாள் ருஸ்கா.

அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று எத்தனை தரம் சொல்லியும் எடுபடவில்லை. அப்படியானால் போனில் பேசச் சொல் என்றார்கள். போன் அணைந்திருந்தது. மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறாள் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் நிர்வாகியை மாற்றுவது என்றும், மலர்வளையச் செலவில் பாதியை வெனெதா ஏற்பது என்றும் அங்கேயே தீர்மானமாயிற்று. வளையம் வாங்கிவரும் பொறுப்பு அசென் தலையில் விழுந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாடிக்குப் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கோட்டுக்குள் பிஸ்கட் டப்பா துருத்திக்கொண்டிருந்தது. சோஃபியாக்காரர்கள் எதிரே வந்துவிட்டால் கையோடு கொடுத்துவிடலாமே.

வெனெதாவும் கூடவே போனாள். அந்தப் பேட்டையில் உடனே கலரில் அச்சடித்துத் தருவது சவ அடக்கக் கடை ஒன்றுதான். இந்தத் தடவை சிவப்பில், படமே இல்லாமல், கதவளவுக்கு ஒரு எச்சரிக்கை அடித்துவிடுவது என்று அவள் வைராக்கியத்தோடு இருந்தாள்.

பூங்கா வழியாக நடந்தார்கள். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை என்று பார்த்து அசெனே நடையைக் குறைத்தார்.

"நான் மடையன்னு நெனைக்கிறே" என்றார்.

"அப்படிச் சொன்னேனா?"

"சொல்லாட்டி என்ன. மூணு சதவீதம்னு அவன் சொன்னப்பவே எனக்கும் சந்தேகம்தான். ஆனா நீ ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, சாவியைத் தேடுற மாதிரி நடிப்பே பாரு. வலிக்குதுன்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னு. அதை இன்னும் எத்தனை வருஷம் பாத்துக்கிட்டு இருக்கறது? பென்ஷன்ல அந்த ஆபரேஷன் ஆகாது, வெனெதா. இதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை."

முப்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. இந்த மனிதரை அந்தப் பயல் மொட்டையடிக்கப் போகிறானே என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"முழங்கால் இப்படியே இருந்துட்டுப் போகட்டும். டப்பாவை மட்டும் எங்கிட்ட குடுங்க" என்றாள்.

"சனிக்கிழமை ஆகட்டும்" என்றார் அவர்.

கடையில் ஒரு பெண் பிளாஸ்டிக் ரோஜாக்களைக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அசென் தொப்பியைக் கழற்றிவிட்டு, எண்பது லெவாவுக்குள் ஒரு வளையம் வேண்டும் என்றார். ரிப்பனில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டாள். "அன்பான பக்கத்துவீட்டுக்காரர் லியுத்மிலுக்கு, பி வாசல்" என்றார். வெனெதா குறுக்கே புகுந்து, வளையமும் வேண்டாம் ரிப்பனும் வேண்டாம், அந்த ஆள் சோஃபியாவில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், தனக்கு ஒரு கலர் அச்சு போதும் என்றாள். பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த லியுத்மில் என்று கேட்டாள். அசென் தன் போனைத் திறந்து, கதவிலிருந்த தாளைப் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினார்.

அந்தப் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். முகம் மாறியது. மேஜை இழுப்பறையைத் திறந்து, நூல் போட்டுக் கட்டிய ஒரு தாள்கட்டை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள். மேல் தாளில் கறுப்புக் கட்டம், நடுவில் அதே முகம், அதே டை.

"இது என்னங்க அநியாயம், மூணு நாள் முன்னாடியே யாரு ஒட்டினது?" என்றாள். "போன வாரம் அவரே வந்து, இதயம் பலவீனமா இருக்கு, ஞாயித்துக்கிழமையைத் தாண்டமாட்டேன்னு சொல்லி, செத்த நாள்னு ஞாயித்துக்கிழமை தேதியைப் போட்டு நாப்பது தாளுக்கு முழுப் பணமும் கட்டிட்டுப் போயிருக்காரு."