மாப்பிள்ளை மேல் ஒரு கடத்தல் வழக்கு

“அந்தப் புகாரைத் திருப்பிக் குடுத்துருங்க ஏட்டையா. வேணாம்.”

ஏட்டு கருப்பணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இஞ்ஞாசியை நிமிர்ந்து பார்த்தார்.

“இது என்ன உங்க பைப்புக் கடையா, அளவு சரியில்லைன்னா மாத்திக்கிட்டுப் போறதுக்கு? கேஸு கோர்ட்டுக்குப் போயாச்சு. அடுத்த வாரம் விசாரணை. நீங்கதான் முதல் சாட்சி.”

இஞ்ஞாசிக்குத் திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில் கடை. போர்வெல் மோட்டாரும் பைப்பும் விற்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் இசைவாணி, மோட்டார் மெக்கானிக் அந்தோணிராஜோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு இதே ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, “எம் மகளைக் கடத்திட்டான்” என்று கத்தியவர் இஞ்ஞாசிதான். வெறுமனே கடத்தல் என்றால் கேஸ் நிற்காது என்று யாரோ சொல்ல, ஒரு வெள்ளைக் காரையும் ஓர் அரிவாளையும் புகாரில் சேர்த்துக்கொண்டார்.

இசைவாணி மாஜிஸ்திரேட் முன்னால் போய், “எனக்கு இருபத்து மூணு வயசு. நானாத்தான் போனேன்” என்று சொன்னாள். இஞ்ஞாசி விடவில்லை. மிரட்டிச் சொல்ல வைக்கிறான் என்று மனு மேல் மனுவாகப் போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகுதான் வயிறு நிறையச் சோறு தின்றார்.

அதன் பிறகு அவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷன் முடிந்ததும், தண்ணீர்க் குடத்தைக் கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை பூட்டிக் கிடந்தது. கேள்விப்பட்டுத் தானாக வந்து ஷட்டரைத் தூக்கியவன் அந்தோணிராஜ். எரியோட்டுப் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்று சண்டைக்கு வந்த விவசாயிகளோடு அவனே போய், கிணற்றுக்குள் இறங்கி, மோட்டாரை ஓட வைத்துவிட்டு வந்தான். இப்போது கடைக்கு வருகிறவர்கள் இஞ்ஞாசியைப் பார்த்து, “மாப்ள இல்லையா? அப்ப நாளைக்கு வாரேன்” என்று திரும்பிப் போகிறார்கள்.

இஞ்ஞாசி வீட்டு மாடியைக் காலி செய்து, மகளையும் மருமகனையும் குடிவைத்துவிட்டார். மகளுக்கு இப்போது ஏழு மாதம். சேவுகம்பட்டியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் அந்தோணிராஜின் அப்பா மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் கோபம் அவருக்கு.

ஸ்டேஷனில் காரியம் ஆகாததால், மாமனும் மருமகனும் ஒரே ஸ்கூட்டரில் வக்கீல் தீபாவைப் பார்க்கப் போனார்கள். தீபா அந்தோணிராஜின் வக்கீல்.

“சமாதானம் ஆயிட்டோம்னு கீழ்க்கோர்ட்டுல சொல்லி முடிக்கிற பிரிவு இல்லைங்க இது. மதுரையில ஐகோர்ட்டுக்குப் போகணும். அதுக்கு இப்ப நேரமில்லை. நீங்க கூண்டுல ஏறி உள்ளதைச் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீங்க.”

“உள்ளதைச் சொன்னா, பொய்ப் புகாருன்னு என்னையத் தூக்கி உள்ள வச்சுருவாங்களேம்மா?”

“நிரூபணமாச்சுன்னா இவருக்குப் பத்து வருசம் வரைக்கும் கிடைக்கும். எது பரவாயில்லை?”

வெளியே வந்ததும் அந்தோணிராஜ் மெதுவாகச் சொன்னான். “மாமா, எனக்காக நீங்க மாட்டிக்க வேணாம். என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

இப்படிப்பட்ட பிள்ளை கையிலா அரிவாளைக் கொடுத்துப் புகார் எழுதினோம் என்று இஞ்ஞாசிக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மாப்பிள்ளையும் உள்ளே போகாமல் தானும் உள்ளே போகாமல் இருக்க ஒரு வழி யோசித்தார். யோசித்திருக்கவே வேண்டாம்.

விசாரணை நாளன்று மகளிர் நீதிமன்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. டவாலி கூப்பிட்டதும் இஞ்ஞாசி ஆபரேஷனுக்குப் பிறகு கட்டியிருந்த பெல்ட்டுக்கு மேல் வயிற்றைப் பிடித்தபடி கூண்டில் ஏறினார்.

அரசு வக்கீல் ஆரம்பித்தார். “இங்கே நிற்கிற எதிரியை உங்களுக்குத் தெரியுமா?”

“எதிரியா? எனக்கு அப்பிடி யாரும் கிடையாதுங்களே.”

“அங்க நிக்கிறாரே, அவர்.”

“அவரா? எம் மாப்ளைங்க! தங்கமான பிள்ளை.”

நீதிபதி அம்மா தலையை உயர்த்திப் பார்த்தார். தீபா கண்ணை மூடிக்கொண்டார்.

“இவர் உங்கள் மகளைக் கடத்தினாரா?”

“இல்லவே இல்லைங்க.”

“அரிவாள் காட்டினார் என்று புகாரில் இருக்கிறதே?”

“இளநி வெட்டுறதுக்குக் கொண்டாந்திருப்பாருங்க.”

“அந்த வெள்ளைக் கார்?”

இங்கேதான் இஞ்ஞாசி தன் யோசனையை அவிழ்த்துவிட்டார். “அந்தக் காரை நான்தாங்க பிடிச்சுக் குடுத்தேன். ரெண்டு பேரையும் நானேதான் அனுப்பி வச்சேன். எனக்கு முழுச் சம்மதம்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களே கார் பிடிச்சு அனுப்பிட்டு, அன்னைக்கே கடத்தல்னு புகார் குடுத்தீங்களா? எதுக்கு?”

இஞ்ஞாசி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு அம்மா.”

“இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும்” என்றார் அரசு வக்கீல்.

இஞ்ஞாசி எதிர்ப்பக்கம் திரும்பி, “அப்பிடின்னா என்ன மாப்ள?” என்று கேட்டார்.

“மாத்திப் பேசுறவருன்னு அர்த்தம் மாமா. நீங்க அம்மாவைப் பாத்துப் பேசுங்க” என்றான் குற்றம் சாட்டப்பட்டவன்.

அரசு வக்கீலுக்கு ரத்தம் ஏறியது. “அப்படியென்றால் இந்தக் கடத்தலை ஏற்பாடு செய்ததே நீங்கள்தான் என்கிறேன்!”

“பொய்யிங்கம்மா! அவரு சொல்றது அம்புட்டும் பொய்!”

குரல் வராந்தா ஜன்னலிலிருந்து வந்தது. இஞ்ஞாசியின் மனைவி செபாஸ்தியம்மாள் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்து நின்றாள்.

“நீங்க ரெண்டாவது சாட்சி. கூப்பிடுற வரைக்கும் வெளியில இருக்கணும்” என்றார் நீதிபதி.

“வெளியிலதாங்கம்மா இருக்கேன்.”

முறைப்படி கூப்பிட்டு, சத்தியம் வாங்கினார்கள். செபாஸ்தியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பேசினாள்.

“இவருக்குக் கார் பிடிக்கிற புத்தியெல்லாம் ஏதுங்கம்மா? பிள்ளைகளை அனுப்பி வச்சது நானு. இவரு ஒரு மாப்பிள்ளை பாத்தாரு. பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணைப் பாக்காம, கடையில எத்தனை மோட்டாரு கிடக்குன்னு எண்ணிக்கிட்டு இருந்தான். அந்தோணி நல்ல பய. நான்தான் துணிமணியை எடுத்து வச்சு, எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்து, போயிட்டு வாங்கன்னேன். காரும் இல்லை, அரிவாளும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டவுன் பஸ்ஸு.”

இஞ்ஞாசி கீழேயிருந்து வாயைப் பிளந்தார். “ஏ செபாஸ்தி! அன்னைக்கு ஸ்டேஷன்ல மயங்கி விழுந்தியே?”

“விழாம இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துருமுல்ல?”

கோர்ட்டே சிரித்தது. டவாலி “அமைதி, அமைதி” என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அரசு வக்கீல், ஒரு குற்றவாளிக்கு மூன்றாகப் பெருகிவிட்ட கேஸைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி நம்பிக்கையாக இசைவாணியைக் கூப்பிட்டார். அவளுக்கு நாற்காலி போட்டார்கள்.

“பயப்படாமல் சொல்லும்மா. இவர் உன்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாரா?”

“அவரா? அவரு வரவே மாட்டேன்னுட்டாருங்க சார்.”

“என்ன?”

“எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்னு நின்னாரு. கேட்டா காரியம் கெட்டுப்போயிரும்ல? போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். சட்டையைப் பிடிச்சு இழுத்துத்தான் திருச்சி பஸ்ஸுல ஏத்துனேன். இந்தப் பக்கம் உக்காந்தா எறங்கி ஓடிருவாருன்னு, ஜன்னலோரம் தள்ளி உக்கார வச்சேன்.”

எல்லோரும் அந்தோணிராஜைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “திருச்சி வரைக்கும் தண்ணி கூடக் குடிக்க விடலைங்கம்மா” என்றான்.

நீதிபதி அம்மா கேஸ் கட்டு ஒன்றை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கட்டு செத்த நேரம் குலுங்கியது.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. பெண் வயது வந்தவள், தன் விருப்பப்படி போயிருக்கிறாள், கடத்தல் நடக்கவில்லை. அந்தோணிராஜுக்கு விடுதலை. இஞ்ஞாசியை மட்டும் நிற்கச் சொல்லி, “பொய்ப் புகாருக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். பேரப்பிள்ளை வரப்போற நேரம்னு எச்சரிச்சு விடுறேன். இனிமே போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நான் உங்களைக் கேள்விப்படக் கூடாது” என்றார் நீதிபதி.

“சத்தியமாப் போகமாட்டேங்கம்மா” என்று இஞ்ஞாசி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் தீபாவுக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டு, செபாஸ்தியம்மாளைப் பொய்யாக முறைத்து, அந்தோணிராஜைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ஆபரேஷன் பண்ணின இடம் வலித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

“இனிமே உன்னைய எங்கிட்டருந்து எவனும் பிரிக்க முடியாது மாப்ள. மாடியில உனக்கு ஏசி மாட்டுறேன். நீ எங்கயும் போகக்கூடாது.”

“நான் எங்க மாமா போகப்போறேன்” என்றான் அவன்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, வேப்பமரத்தடியிலிருந்து ஏட்டு கருப்பணன் வேகமாக வந்து சாவியைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, செத்த ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க, சேவுகம்பட்டியிலருந்து உங்க சம்பந்தி வந்து உக்காந்திருக்காரு, அவரு மகனைக் குடும்பத்தோட சேந்து கடத்தி வச்சிருக்கீங்களாம், சாட்சி யாருன்னு கேட்டா, விசாரணை அன்னைக்குக் கோர்ட்டுல கடைசி பெஞ்சுல உக்காந்து நீங்க மூணு பேரும் ஒத்துக்கிட்டதைக் காதால கேட்டேங்கிறாரு.”